வாடைக்காற்றும் வாசல் நாயும்: வாசகர் கேள்வி – பதில்

தெருவிலும் தோப்பிலும் திறந்த வெளியில் கிடக்கும் நாய்கள் மழையையும் பனியையும் தாண்டி வர என்ன செய்யலாம் என்று வட ஆற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வேலூர் என்றாலே வெயில்தான். இங்கே அடிக்கிற பனியில் நாய்க்கு என்ன ஆகிவிடும், அதற்குத்தான் ரோமம் இருக்கிறதே என்கிறார் என் கணவர். சரியா?
– வாசகி, சத்துவாச்சாரி

வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்து, காற்றுப் படாத மூலையில் படுத்திருக்கும் வளர்ந்த நாய் என்றால் அவர் சொல்வது சரி. மார்கழி, தையில் வேலூரில் விடியற்காலை 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரை மட்டும் என்றால் நாட்டு நாய் தாங்கிக்கொள்ளும்.

நனைந்துவிட்டால் கதை வேறு. நாட்டு நாயின் ரோமம் குட்டை, அடி ரோமமும் குறைவு. ரோமத்துக்கு நடுவே தங்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. மழையில் நனைந்ததும் அந்தக் காற்று போய்விடுகிறது. அதன் மேல் வாடை வீசினால் ஈரம் உலரும்போதே உடல் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மூன்றாவது தரை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நாய் படுப்பதோ தரையில். சிமென்ட் தரை இரவு முழுக்க அதன் வயிற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அதனால் நம் பக்கத்தில் வறண்ட மார்கழிக் குளிரைவிட, ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி மூன்று நாள் விடாமல் தூறுகிறதே, அந்த நாட்கள்தான் ஆபத்து. வெப்பமானி 22 காட்டும், ஆனால் நாய் நடுங்கும். ஏற்பாட்டை மார்கழியில் தொடங்கினால் பாதிக் காலம் போயிருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள், கிழ நாய்கள், விலா எலும்பு எண்ணுகிற அளவுக்கு மெலிந்தவை, சொறி பிடித்து ரோமம் கொட்டியவை, கருத்தடைக்காக வயிற்று ரோமம் மழித்து அண்மையில் திரும்பியவை. மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு படுப்பது இயல்பு. நின்றபடி நடுங்குவது, பாதங்களை மாற்றி மாற்றித் தூக்குவது, சோறு வைத்தும் எழாமல் இருப்பது சரியில்லை. நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடு கிடைக்காமலே நடுக்கத்தை நிறுத்தி மந்தமாகிவிட்டால், தள்ளாடினால், அது தேறுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நடுங்கக்கூடச் சக்தி இல்லாத நிலை அது. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் உடனே சூடேற்ற வேண்டும், 95-க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் தெருவில் மூன்று நாய்கள். அதிகச் செலவில்லாமல் ஒரு கூடு எப்படிச் செய்வது? அளவு சொல்லுங்கள்.
– வாசகர், காந்தி நகர், காட்பாடி

மூடியுள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, பத்துப் பன்னிரண்டு செங்கல், மூன்று கிலோ வைக்கோல், பழைய தண்ணீர் டியூப் ஒன்றரை மீட்டர், தென்னங்கீற்று இரண்டு. இவ்வளவு போதும். டிரம் ஏறக்குறைய 88 செ.மீ. நீளம், 58 செ.மீ. விட்டம் இருக்கும். 15 முதல் 20 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்று திரும்பிச் சுருண்டு படுக்க இது சரியான அளவு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய கொட்டகையாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்குவது நாயின் உடம்பு மட்டும்தான். இடம் பெரிதானால் சூடு நிற்காது. மூன்று நாய்க்கு இரண்டு அல்லது மூன்று டிரம் வையுங்கள். ஒட்டிப் பழகியவை ஒன்றிலேயே நெருக்கிப் படுத்துக்கொள்ளும்.

டிரம் வாங்கும்போது நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் டிரம், குரோமிய உப்போ அமிலமோ சாயமோ வந்ததாக இருக்கலாம். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுசாகப் போகாது. நாய் அதை நக்கும், கடிக்கும், அதன் மேல் படுத்த உடம்பை நக்கும். சமையல் எண்ணெயோ ஊறுகாயோ பழக்கூழோ வந்த டிரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். லேபிள் கிழிந்து, என்ன வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் அது வேண்டாம்.

டிரம்மைப் படுக்க வைத்து, மூடியுள்ள பக்கத்தில் வாசல் வெட்டுங்கள். அகலம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. நடுவில் வெட்டாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வெட்டினால், நுழையும் காற்று நேராக நாய் மேல் அடிக்காது. கீழே 12 செ.மீ. விட்டு வெட்டத் தொடங்க வேண்டும். அந்த விளிம்புதான் வைக்கோல் வெளியே சரியாமல் பிடித்து நிற்கும். வெட்டிய ஓரம் கத்தி போல இருக்கும். டியூப்பை நீளவாக்கில் கீறி ஓரம் முழுக்கச் செருகிவிடுங்கள். பின்பக்கம் மேலே 2 செ.மீ. விட்டத்தில் இரண்டு துளை அவசியம். இது இல்லாவிட்டால் நாய் விடும் மூச்சின் ஈரம் உள்ளே வேர்த்து, விடியும்போது வைக்கோல் நனைந்திருக்கும். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டு, கூட்டுக்குள்ளும் நாய் ஈரமாக இருக்கிறதே என்று குழம்புவது இதனால்தான். அடியில் 8 மி.மீ. துளை நான்கு போட்டால் தப்பித் தவறி உள்ளே வந்த தண்ணீர் வடியும்.

செங்கல்லைப் படுக்க வைத்து இரண்டு அடுக்கு, முன்னே ஒரு வரிசை, பின்னே ஒரு வரிசை. 15 செ.மீ. உயரம் கிடைக்கும். டிரம் உருளாமல் இரு புறமும் செங்கல் முட்டுக் கொடுங்கள். வாசல் பக்கம் ஒரு விரல்கடை தாழ்வாக இருக்கட்டும். வாடை வடகிழக்கிலிருந்து வரும், மழைச் சாரலும் அதே திசைதான். வாசலைத் தெற்கு பார்த்து வையுங்கள். மார்கழியில் சூரியனும் தெற்கே சாய்ந்தே போவதால் பகலில் வெயில் உள்ளே எட்டிப் பார்த்து வைக்கோலை உலர்த்தும். மேலே கீற்றைப் போட்டுக் கட்டுங்கள். இரவில் பனியைத் தடுக்கும், பகலில் வேலூர் வெயிலில் டிரம் கொதிக்காமலும் காக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஓடைக்கரை, கால்வாய் ஓரம், தண்ணீர் தேங்கும் பள்ளம் எதிலும் கூடு வேண்டாம்.

வைக்கோல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரம்ப வேண்டும். இயந்திரம் கட்டிய ஒரு கட்டு வாங்கினால் நான்கைந்து கூட்டுக்கு வரும். தாளுக்குள்ளும் தாளுக்கு இடையிலும் காற்று நிற்பதால் சூடு தங்கும், ஈரமும் கீழே இறங்கிவிடும். நாய் அதற்குள் குடைந்து புதைந்துகொள்ளும். பழைய புடவை, பெட்ஷீட், பஞ்சு மெத்தை இவற்றை அன்போடுதான் எல்லோரும் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆனால் துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த போர்வை மேல் படுப்பதைவிட வெறும் தரையே மேல். கோணியும் அப்படித்தான், மழையே எட்டாத திண்ணையில் மட்டும் போடலாம். மல்லாட்டைத் தொட்டியும் (வேர்க்கடலைத் தோடு) தேங்காய் நார்க் கழிவும் கூடாது. முதலாவது சீக்கிரம் பூசணம் பிடிக்கும், இரண்டாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

மழை நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை அடி வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் மாற்ற வேண்டும். வறண்ட நாட்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். எடுத்த வைக்கோலை அங்கேயே கொட்டக் கூடாது, அதில் உண்ணி இருக்கும். கூட்டுக்குள் சோறு வைக்கவே கூடாது. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

படிக்கட்டின் அடியிலோ கடைத் திண்ணையிலோ ஏற்கெனவே கூரை இருந்தால் டிரம்மே தேவையில்லை. அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கில் வைக்கோல் திணித்து வாயைத் தைத்து, பழைய கார் டயர் நடுவே வைத்தால் அருமையான படுக்கை. டயரின் அடிப் பக்கம் நான்கு இடத்தில் துளை போட மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும். சிமென்ட் மூட்டையின் சாக்கைத் தொடவே வேண்டாம். ஒட்டியிருக்கும் தூள் ஈரம் பட்டதும் தோலைப் பொசுக்கும்.

பலகையில் அழகாகக் கூடு செய்து வைத்து இருபது நாள் ஆகிறது. நாய் அதன் பக்கமே போகவில்லை. பழையபடி டீக்கடை அடுப்புச் சாம்பலில் படுக்கிறது.
– வாசகர், குடியாத்தம்

ஒரே ஒரு வாசல், உள்ளே இருட்டு, திரும்பி ஓட வழியில்லை. தெருவில் அடிபட்டே வளர்ந்த நாய்க்கு அது பொறியாகத் தெரியும். பின் பலகையைக் கழற்றி இரு பக்கமும் திறந்துவிடுங்கள். அது வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி நகர்த்தி வையுங்கள். உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிற இடத்தைவிட நாய் தானே தேர்ந்த இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், காற்றடிக்காத மூலை எது என்று அதற்குத் தெரியும். அது படுத்துப் படுத்து வாசனை ஏறிய கோணித் துண்டு ஒன்றை வைக்கோல் மேல் போடுங்கள். மாலைச் சோற்றை வாசலுக்கு முன்னால் வையுங்கள். உள்ளே தள்ளாதீர்கள், தூக்கி வைக்காதீர்கள், பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். அது தானாகப் படுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆன பிறகு, ஃப்ளெக்ஸ் பேனர் துணியைப் பட்டைப் பட்டையாகக் கிழித்துப் பின்பக்கம் தொங்கவிடுங்கள். இன்னும் ஒரு வாரம் கழித்துப் பலகையை அடியுங்கள்.

டீக்கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் அடியில் கங்கு இருக்கும். வயிற்றிலும் முழங்காலிலும் ரோமம் பொசுங்கிய நாய்களுக்கு அதுதான் காரணம். கடை சாத்தும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டால் போதும்.

எங்கள் சித்தப்பா மாந்தோப்பில் காவலுக்கு ஒரு நாயைக் கட்டிப் போட்டிருக்கிறார். தகரக் கொட்டகைதான் அதற்கு வீடு. மழையில் சேற்றிலேயே கிடக்கிறது. சொன்னால் “நாய்க்கு என்னடா மாளிகையா?” என்கிறார். பெரியவரிடம் எப்படிப் பேசுவது?
– வாசகர், ஒடுகத்தூர்

சித்தப்பாவைக் குற்றம் சொல்லித் தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவருக்கு வேண்டியது காவல். அந்த வழியாகவே போங்கள். “சித்தப்பா, ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்குகிற நாய் விடியற்காலையில் எழுந்து குரைக்காது. கீல்வாதம் வந்தால் மருந்துச் செலவு உங்களுக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சரி செய்து தருகிறேன், நீங்கள் செங்கல் மட்டும் எடுத்து வையுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். வேலையை நாமே இழுத்துப் போட்டுக்கொண்டால் மறுப்பவர்கள் குறைவு.

தகரம் இரவில் வெளிக்காற்றைவிடச் சில்லிட்டுப் போகும், உள்பக்கம் பனி வேர்த்துச் சொட்டும். கொட்டகையைப் பிரிக்க வேண்டாம். தகரத்துக்கு மேலே இரண்டு வரிசைக் கீற்று, உள்ளே செங்கல் மேல் பலகை, பலகை மேல் வைக்கோல், வடக்கும் கிழக்கும் தரை வரை கீற்றுத் தட்டி. அரை நாள் வேலை. சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தோப்புப் பக்கம் திருப்பினால் சேறும் போய்விடும்.

பிறகு சங்கிலி. கூடு இருந்தும் அதற்குள் போக முடியாமல் சங்கிலி சுற்றிக்கொண்டால், கட்டிய நாய் குளிரில் செத்தே போகலாம். முளையைக் கூட்டுக்கு முன்னால் அடிக்காமல், பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அடியுங்கள். சங்கிலியின் இரு முனையிலும் சுழலும் கொக்கி இருக்க வேண்டும். இதைவிட நல்ல ஏற்பாடு, இரண்டு மரத்துக்கு நடுவே ஆள் உயரத்தில் கம்பி கட்டி, அதில் வளையம் ஓடவிட்டுச் சங்கிலியைக் கோப்பது. வளையம் மரத்தைத் தொடாதபடி இரு முனைக்கும் முன்னால் தடுப்பு முடிச்சு வேண்டும், இல்லாவிட்டால் நாய் மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். நனைந்த தோல் பட்டை காயும்போது இறுகும், அடியில் புண் வைக்கும். நைலான் பட்டையாக மாற்றுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது அவிழ்த்து ஓடவிட வேண்டும், ஓடும் நாய்க்குத்தான் தசை இருக்கும், தசைதான் சூடு தரும்.

கட்டிய நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் வைப்பதும், சொந்த நாய்க்கு உணவும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தராததும் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். இது உங்கள் தகவலுக்கு. சித்தப்பாவிடம் முதல் வார்த்தையாக இதை எடுக்காதீர்கள்.

சாக்கடைப் பாலத்துக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது. இரவு மழையில் ஒரு குட்டி விறைத்துப் போய்க் கிடந்தது. பால் புகட்டினோம், காலையில் இறந்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?
– வாசகி, ராணிப்பேட்டை

உங்கள் மேல் குற்றமில்லை அம்மா. பதறும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பால்தான். ஆனால் விறைத்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்டால் குடல் வேலை செய்யாது, உறிஞ்சும் திறனும் இருக்காது. அப்போது புகட்டும் பால் வயிற்றிலேயே தேங்கிப் புளிக்கும், அல்லது மூச்சுக் குழலுக்குள் போகும்.

பிறந்து ஒரு வாரம் வரை குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. அதன் சூடு முழுக்கத் தாயின் வயிற்றிலிருந்தும் கூடப் பிறந்தவற்றிடமிருந்தும் வருவதே. முதல் வாரம் அதைச் சுற்றியுள்ள இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வேலூரில் வைகாசி இரவு எப்படி இருக்குமோ அப்படி.

விறைத்த குட்டி கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். உலர்ந்த துணியால் ஒற்றித் துடையுங்கள். உங்கள் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். நம் உடல் சூட்டைவிடப் பாதுகாப்பான வெந்நீர்ப் பை கிடையாது. கூடவே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருந்தால்தான் சூடு மிஞ்சும்போது குட்டி நகர முடியும். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் மெதுவாகச் சூடு ஏறட்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிப்பது, கால்களைத் தேய்ப்பது எதுவும் கூடாது. தோல் வெந்துவிடும், கால்களில் இருக்கும் குளிர்ந்த இரத்தம் திடீரென்று இதயத்துக்குப் பாயும். குட்டி அசையத் தொடங்கியதும் குளுக்கோஸ் கரைசலை ஒரு சொட்டு ஈறில் தடவலாம். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் விடாதீர்கள்.

சுண்டு விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்து, விரலைச் சப்பினால் மட்டுமே பால். தாய் இருந்தால் தாயிடமே விடுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை. தாய் இல்லையென்றால் கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால் பொடியை, மணிக்கட்டில் விட்டால் இதமாகப் படும் சூட்டில், முதல் வாரம் மூன்று மணிக்கு ஒரு தரம் கொடுங்கள். நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரு மடங்குக்கும் மேல் இருப்பதால் பசும்பால் மட்டும் கொடுத்தால் குட்டி தேறாது. கைக்குழந்தை போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. குப்புறப் படுத்த நிலையில், தலை சற்றுத் தூக்கியபடி குடிக்க வேண்டும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல ஒற்றினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிவிடுவதும் இதற்குத்தான்.

மீதிக் குட்டிகளைப் பாலத்தடியிலிருந்து மாற்றியே ஆக வேண்டும். முதலில் பக்கத்திலேயே மேடான இடத்தில் வைக்கோல் போட்டு இடத்தைத் தயார் செய்யுங்கள். தாய்க்கு நன்றாகச் சோறு வைத்து, அதன் கண் எதிரே கூடையில் எடுத்துப் போங்கள். அது பின்னாலேயே வரும். உறுமினால் அன்றைக்கு விட்டுவிட்டு, அதற்குத் தினமும் சோறு வைப்பவர் யாரோ அவரையே செய்யச் சொல்லுங்கள். புது இடத்தில் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். விலகி விலகி நீட்டிப் படுத்தால் சூடு அதிகம். பக்கம் பக்கமாகப் படுத்து அமைதியாகத் தூங்கினால் எல்லாம் சரி.

குளிர் நாளில் என்ன சோறு வைக்கலாம்? பக்கத்து பிரியாணிக் கடையில் மிஞ்சியதைத் தருகிறார்கள்.
– வாசகர், ஆம்பூர்

வெறும் குஸ்காவானாலும் வேண்டாம். வெந்த எலும்பு கூடாது. வேகாத எலும்பைப் போல் அல்லாமல் ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும், பிரியாணியிலும் குஸ்காவிலும் அவை ஏராளம்.

15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி வேண்டும். வெந்த சோறு 300 கிராம், வேகவைத்து எலும்பு நீக்கிய கோழி 150 கிராம், முட்டை இரண்டு, எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் கணக்கு வந்துவிடும். வெளியில் படுப்பது, மெலிந்தது என்றால் கால் பங்கு கூட்டுங்கள். மாலை ஆறு ஏழு மணிக்குக் கைச்சூட்டில் கொடுங்கள். செரிக்கும்போது உண்டாகும் சூடு இரவுக்கு உதவும். பால் பல நாய்களுக்கு வயிற்றைப் போக்கும், போனால் உடம்பில் இருக்கும் நீரும் சூடும் சேர்ந்து போகும். குளிர் காலம்தானே என்று தண்ணீர் வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சொறி பிடித்து ரோமமே இல்லாத நாய். மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் பூசினால் சொறியும் போகும், குளிரும் தெரியாது என்கிறார்கள்.
– வாசகர், வாணியம்பாடி

பூசவே கூடாது. நாய் நக்கும், ஆயிலில் கலந்திருக்கும் உலோகமும் நச்சும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், வெந்திருக்கும் தோல் இன்னும் வேகும். சொறிக்குக் காரணம் தோலில் வாழும் நுண்ணிய பூச்சி. மருத்துவர் எடையைக் கணித்துத் தரும் மாத்திரையிலோ ஊசியிலோ சில வாரத்தில் குணமாகும். அளவு கூடினால் நரம்பைத் தாக்குகிற மருந்தும் உண்டு, அதனால் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். குளிப்பாட்டச் சொல்லியிருந்தால் வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் முடித்துத் துவட்டிவிடுங்கள். ரோமம் திரும்ப முளைக்கும் வரை இந்த நாய்க்குத்தான் உங்கள் தெருவின் முதல் கூடு. மனிதருக்கும் இது தொற்றி அரிப்பு தரலாம், கையுறை போட்டுத் தொடுங்கள், அதன் வைக்கோலை வேறு நாய்க்கு மாற்றாதீர்கள்.

வலிக்கிறதே என்று நமக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுப்பதும், சளிக்குக் கற்பூரத் தைலம் தடவுவதும் நாய்க்கு விஷம்.

ஏலகிரியில் கீழே இருப்பதைவிடக் குளிர் அதிகம். ஸ்வெட்டர் போடலாமா? கூட்டுக்குள் பல்ப் எரியவிடலாமா?
– வாசகி, ஏலகிரி

ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், வேலூரைவிட 900 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் வேலூரில் 18 இருக்கும் இரவில் உங்களுக்கு 12 அல்லது 13. ஜவ்வாது மலை மேல் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு. கூடு அதேதான், வைக்கோலை 30 செ.மீ. ஆக்குங்கள், வாசலுக்குப் பட்டைத் திரை அவசியம்.

ஸ்வெட்டர் வீட்டு நாய்க்குச் சரி, காலையில் கழற்றி மாலையில் போட்டால். தெரு நாய்க்கு வேண்டாம். மழையில் நனைந்தால் ஈரப் போர்வையை உடம்போடு கட்டிவிட்டது போல் ஆகும், முள்ளிலும் வேலியிலும் மாட்டும், அடியில் உண்ணி சேர்வது தெரியாது. பல்ப்பும் வேண்டாம். வைக்கோலும் சூடான பல்ப்பும் ஒன்றாக இருக்கும் இடத்தில் தீ காத்துக்கொண்டிருக்கிறது, வயரைக் கடித்தால் மின்சாரம். படுக்கப் போகும் நேரத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றை வைக்கோலுக்குள் புதைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் கதகதப்பு இருக்கும். பாட்டிலைக் கடித்துக் குதறும் நாயென்றால் அதுவும் வேண்டாம்.

கூடு வைத்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், வாலாஜாபேட்டை

அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் தெரு. 2023-ம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் குடியிருப்பின் நுழைவாயிலுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வார்டுதோறும் உணவுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும், கண்ட தெருவில் வைக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. எனவே அந்த வளாகங்களில் கூடு வைக்காதீர்கள். பொது இடம் என்றால் நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தனியார் மனை என்றால் உரிமையாளர் ஒப்புதல் போதும்.

கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்க்குத்தான் கூடு என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும். தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது, குட்டி போட்ட தாயின் கூட்டுப் பக்கம் போகக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நாய்களைத் தினமும் தொடுகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

காலையில் வாசல் தெளிக்கும்போது நாய் படுத்திருக்கிறது. விரட்டவும் மனமில்லை.
– வாசகி, ஆற்காடு

மார்கழியில் நாலரை மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் மேலே விழுந்தால் வெயில் வரும் வரை, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல், நாய் ஈரத்தோடு நிற்க வேண்டும். வாளியைத் தரையில் தட்டிச் சத்தம் கொடுங்கள், எழுந்து போகும். வண்டியை எடுக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள், பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். எஞ்சின் சூட்டுக்காக உள்ளே குட்டி ஏறியிருக்கலாம். போகிக்கு எரிக்க எடுத்து வைத்த கோரைப் பாய் இருந்தால் திண்ணை ஓரம் விரித்துவிடுங்கள்.

கூட்டை எப்போது எடுப்பது?
– வாசகர், அரக்கோணம்

மாசி முடியும் வரை இருக்கட்டும். பங்குனியில் வைக்கோலை மொத்தமாக எடுத்து, குடியிருப்புக்குத் தள்ளி எருக்குழியில் போட்டு மண் மூடுங்கள். டிரம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசல் ஓரத்திலும் துளைகளிலும் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, நான்கு நாள் உச்சி வெயிலில் காய வையுங்கள். பிறகு பின்பக்கத்தையும் வெட்டித் திறந்து, கீற்றோடு மர நிழலில் வைத்தால் சித்திரை வெயிலுக்கு அதே நாய் அதில் ஒதுங்கும். வெட்டிய வட்டத்தை எறியாதீர்கள், ஐப்பசியில் நான்கு திருகாணி போட்டுத் திரும்ப மூட அது வேண்டும்.